பக்கத்து நிறம்

1996 தீபாவளி இதழின் அட்டை ஓடிய இரவில் மணி இரண்டைத் தாண்டியிருந்தது. மெஷினின் மறுமுனையில் தாள்கள் சரசரவென்று விழுந்துகொண்டிருந்தன. மேலே கிடந்த ஒன்றை உருவி வெளிச்ச மேஜையில் விரித்தேன். வயிற்றைப் பிசைந்தது. காஞ்சிபுரம் வரை போய்த் தேடி எடுத்த மாம்பழ மஞ்சள் பட்டு, களிமண் பூசியதுபோல் மங்கிக் கிடந்தது. இதழே அந்தச் சேலையை நம்பித்தான் இருந்தது. அட்டையில் வேறு படமில்லை. ஒரு பெண், ஒரு சேலை, பின்னால் நான் நிரப்பிய எலுமிச்சை மஞ்சள்.

மஞ்சள் மை குறைவாக இறங்குகிறது என்று கத்தினேன். மெஷினில் நின்றவர் சிவகாசிக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பதில் பேசாமல் டென்சிட்டோமீட்டரைத் தாளின் ஓரத்து வண்ணப்பட்டையில் வைத்துக் காட்டினார். மையின் அடர்த்தி இருக்கவேண்டிய அளவில்தான் இருந்தது. பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நடுவில் விரல்கடை அளவுக்கு ஒரு ஓட்டை கிழித்து, அதைச் சேலையின் மேல் வைத்தார். ஓட்டை வழியே தெரிந்தது நல்ல மாம்பழம். பங்கனப்பள்ளி பழுத்த மஞ்சள்.

“தம்பி, மஞ்சள்ல ஒரு கொறையும் இல்ல. பக்கத்துல எதக் கொண்டாந்து வச்சிருக்கீகன்னு பாருங்க.”

தாளை எடுத்தார். மாம்பழம் மறுபடி களிமண்ணானது. வைத்தார், பழுத்தது. எடுத்தார், செத்தது. மூன்று முறை செய்திருப்பார். என் கண் முன்னாலேயே ஒரே மை, ஒரே தாள், ஒரே புள்ளிகள் இரண்டு நிறங்களாக மாறிக்கொண்டிருந்தன. எலுமிச்சை மஞ்சள் அதைவிடப் பிரகாசமானது, தெளிவானது. அதன் அருகே நின்றதால் பட்டில் இருந்த சிவப்புச் சாயல் அழுக்காகத் தெரிந்திருக்கிறது. என் படிப்பும் அனுபவமும் சேர்ந்து செய்த தப்பு அது. சேலை மஞ்சள், ஆகவே பின்னணியும் மஞ்சளாக இருந்தால் ‘மேட்ச்’ ஆகும் என்று நினைத்திருந்தேன்.

மெஷினை நிறுத்தினோம். காலையில் ஆசிரியரிடம் சொல்லி, பின்னணியை மட்டும் சாம்பல் கலந்த கத்தரிப்பூ நிறத்துக்கு மாற்றி, ஃபிலிமும் பிளேட்டும் புதிதாகப் போட்டோம். ஒரு நாள் தாமதம். ஓடிய தாள்கள் கழிவுக்குப் போயின. சேலையின் புள்ளிகளில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. மறுநாள் அதே மஞ்சள் தாளிலிருந்து எழுந்து வந்தது.

பத்திரிகைப் பக்க வடிவமைப்பில் முப்பது வருடத்துக்கு மேல் கழித்துவிட்டேன். பெண்கள் இதழ், சமையல் இணைப்பு, வீடு அலங்காரம், திருமண மலர் என்று வாழ்வியல் பத்திரிகையின் எல்லா அறைகளிலும் வேலை செய்தாயிற்று. அந்த இரவில் தெரிந்துகொண்டதைத்தான் இன்றுவரை பழகிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு நிறத்தில் அரிச்சுவடி சொல்லித்தந்தது ஓவியக் கல்லூரி அல்ல, சிவகாசி லித்தோ அச்சகம். சொந்த ஊர் கோவில்பட்டி. கொண்டைய ராஜு (1898–1976) வாழ்ந்து, சீடர்களை உருவாக்கி, இந்தியா முழுக்கச் சுவர்களில் தொங்கிய சாமி காலண்டர்களுக்கு முகம் கொடுத்த ஊர். அவர் காலத்துக்குப் பிறகுதான் நான் தலையெடுத்தேன். ஆனால் அந்தக் காலண்டர்கள் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இருந்தன. பள்ளி முடித்ததும் சிவகாசியில் ரீடச்சிங் பிரிவில் சேர்ந்தேன். வேலை என்னவென்றால், பாசிட்டிவ் ஃபிலிமில் இருக்கும் புள்ளிகளை பிரஷ்ஷால் கரைத்துச் சிறிதாக்குவது. ஹைப்போவும் பெர்ரிசயனைடும் கலந்த மஞ்சள் கரைசல். ஒரு நொடி அதிகம் வைத்தால் புள்ளி காணாமல் போகும், சாமிக்குக் கன்னத்தில் ஓட்டை விழும்.

ஒருமுறை முருகன் படத்தில் முகம் வெளிறி நிற்கிறது என்று முகத்தின் மெஜந்தாவை ஏற்றத் தலைப்பட்டேன். ஃபோர்மேன் தடுத்துவிட்டு மயிலைக் காட்டினார். மயிலின் பச்சைக்குரிய பாசிட்டிவில் யாரோ அதிகம் கரைத்திருந்தார்கள். பச்சை மங்கியதால் பக்கத்தில் இருந்த ரோஸ் மேனியும் மங்கியிருந்தது. மயிலைச் சரிசெய்ததும் முருகன் முகத்தில் ரத்தம் ஓடியது. அன்றைக்கு அதை ஒரு தொழில் நுணுக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டேன். அது ஒரு விதி என்பது 1996 வரை உறைக்கவில்லை.

அந்த விதிக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைப் பிறகுதான் படித்தேன். மிஷெல் யூஜின் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், 1824-இல் பாரிஸின் கோபெலின் அரச நெசவாலையில் சாயப் பிரிவுக்கு இயக்குநரானார். அங்கே ஒரு புகார் காத்திருந்தது. நீலத்தையும் ஊதாவையும் ஒட்டி நிழலுக்காக நெய்யும் கறுப்பு நூல் சோகை பிடித்துத் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று. ஷெவ்ரல் மற்ற பட்டறைகளின் கறுப்போடு ஒப்பிட்டுச் சோதித்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து நீலமும் ஊதாவும்தான் அந்தக் கறுப்பின் பலத்தைத் தின்றிருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு பல வருடங்கள் சோதனை செய்து, 1839-இல் பெரிய நூலாக எழுதினார். அருகருகே இருக்கும் இரண்டு நிறங்களைக் கண் இயன்றவரை வேறுபடுத்தியே பார்க்கும் என்பது அவர் கண்ட விதி. வெளிச்சமானதன் பக்கத்தில் இருட்டானது இன்னும் இருளும். ஒவ்வொரு நிறமும் தன் எதிர் நிறத்தின் சாயலை அண்டை நிறத்தின் மேல் ஏற்றும். நூற்றிரண்டு வயதுவரை வாழ்ந்த அந்த வேதியியலாளருக்கு வந்த புகாரும், சென்னையில் நடு இரவில் நான் அண்ணாச்சியிடம் வைத்த புகாரும் ஒன்றுதான். ஷெவ்ரலும் அண்ணாச்சியும் சாயத்தைச் சோதித்துவிட்டு, சாயத்தில் தப்பில்லை என்றார்கள்.

ஷெவ்ரலுக்குப் பின் ஜோசப் ஆல்பர்ஸ். 1963-இல் அவருடைய நிறப் பாடநூல் வந்தது. பழைய புத்தகக் கடையில் அதன் சிறிய பதிப்பு எனக்குக் கிடைத்தது. மாணவர்களுக்கு அவர் பெயின்ட்டைக் கொடுப்பதில்லை, நிறத் தாள்களையே கொடுப்பார். பெயின்ட் என்றால் கலப்பதிலேயே பொழுது போய்விடும். தாள் மாறாது. மாறுவது பக்கத்துத் தாள் மட்டும் என்பதால் கண் அதைக் கவனிக்கப் பழகும். நானும் அப்படியே செய்தேன். மிட்டாய் உறை, ஜவுளிக்கடைப் பை, கல்யாணப் பத்திரிகை, ஊதுபத்தி அட்டை என்று கிடைத்ததையெல்லாம் சதுரமாக வெட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டேன். ஒரு துண்டை இரண்டு வெவ்வேறு தாள்களின் மேல் வைத்து அது இரண்டு நிறமாகத் தெரியும்வரை மாற்றி மாற்றிப் பார்ப்பேன். பிறகு இரண்டு வேறு துண்டுகளை எடுத்து, அவை ஒன்றுபோலத் தெரியும்வரை அடித்தாளை மாற்றுவேன். இரண்டாவது பயிற்சி கடினம். அதற்கு மாதக்கணக்கானது. இன்றைக்கும் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் கம்ப்யூட்டரைத் திறக்க விடாமல் அந்த டப்பாவைத்தான் கொடுக்கிறேன்.

ஏனென்றால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். படத்தில் இருக்கும் சேலையில் ஐ-டிராப்பரை வைத்து நிறத்தை உறிஞ்சி, அதையே தலைப்புக்கும் கட்டத்துக்கும் கோட்டுக்கும் ஊற்றுவது. பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் சேலை கூட்டத்தில் ஒருத்தியாகிவிடும். சேலையின் நிறம் ஒரு மடிப்பில் ஒன்று, மறு மடிப்பில் வேறு. வெளிச்சம் விழுந்த இடத்தில் கிட்டத்தட்ட வெள்ளை. இத்தனையும் சேர்ந்துதான் பட்டு. அதிலிருந்து ஒரே ஒரு புள்ளியை எடுத்துத் தட்டையாக நிரப்பினால், அந்தத் தட்டை நிறம் படத்தோடு போட்டி போட்டு ஜெயித்துவிடும். படம் சாயம் போனதுபோல் ஆகும்.

காஞ்சிபுரத்துத் தறியில் இந்தப் பிழை நடக்காது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். இரண்டையும் வெவ்வேறு நாடாவால் நெய்து, ஊடையைக் கோத்துப் பூட்டுவார்கள். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, மாம்பழ மஞ்சளுக்கு வாடாமல்லி, வெங்காயச் சருகுக்கு எம்.எஸ். ப்ளூ. எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திப் புகழ்பெற்ற நீலம் அது, இன்றும் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் எடுத்துப் போடுவார்கள். எதிர் நிறத்தைப் பக்கத்தில் வைப்பார்கள், ஆனால் சரிபாதியாக வைக்க மாட்டார்கள். உடல் அகலம், கரை குறுகல். இரண்டும் சம அளவில் இருந்தால் கண்ணுக்கு எங்கே உட்காருவது என்று தெரியாது. இரட்டைப் பக்கம் ஒன்றை அமைக்கும்போது நான் கணக்குப் பார்ப்பதும் இதைத்தான். எது உடல், எது கரை?

நிறப் பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கிளிப்பச்சை, பொன்வண்டுப் பச்சை, மிளகாய்ப்பழச் சிவப்பு, மயில் கழுத்து, தேன், பாக்கு, மாந்தளிர். நெசவாளரிடமும் ஜவுளிக்கடை அண்ணன்களிடமும் இருக்கும் இந்தச் சொற்கள் அலங்காரத்துக்கானவை அல்ல, துல்லியமானவை. போட்டோ ஷூட்டுக்கு முன் போனில் ‘பச்சை’ என்று சொல்லிப் பலமுறை ஏமாந்திருக்கிறேன். ‘பொன்வண்டு’ என்று சொன்னால் தப்பே வந்ததில்லை, அந்த மினுக்கமும் சேர்ந்தே வந்துவிடும்.

சமையல் பக்கங்களுக்கு வருகிறேன். வாசகர்கள் அதிகம் கத்தரித்து வைத்துக்கொள்ளும் பக்கம் அதுதான் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம். வாழையிலையில் எதை வைத்தாலும் நன்றாக வரும். இலையின் பச்சை, பொரியலின் செம்பழுப்பையும் ரசத்தின் சிவப்பையும் தூக்கிக் காட்டும். எனக்குப் பெரிய பாடம் சொல்லித்தந்தது வத்தக்குழம்பு. ஒரு காலத்தில் கறுப்புப் பின்னணி ஃபேஷனாக வந்தது. நானும் கறுப்பு மேஜையில் கறுப்பு மண்சட்டி வைத்து வத்தக்குழம்பை எடுக்கச் சொன்னேன். பக்கம் வந்தபோது குழம்பு நீர்த்துப்போன ஆரஞ்சாக இருந்தது. எண்ணெய் பிரிந்து கருகருவென்று நிற்க வேண்டியது, தக்காளி ரசம்போல் ஆகிவிட்டது.

காரணம் பிறகு புரிந்தது. பழுப்பு என்று ஒளியில் தனியாக ஒரு நிறம் கிடையாது. சுற்றுப்புறத்தைவிட இருட்டாக இருக்கும் ஆரஞ்சைத்தான் கண் பழுப்பு என்கிறது. வானவில்லில் பழுப்பு இல்லாததும் அதனால்தான். சுற்றிலும் கறுப்பை வைத்தால் ஒப்பிட வெளிச்சமான எதுவும் இல்லாமல் போய், பழுப்பு மறுபடி ஆரஞ்சாகத் திரும்பிவிடுகிறது. அடுத்த முறை அதே குழம்பை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் வெள்ளைச் சோறும் ஒரு சுட்ட அப்பளமும் வைத்தோம். குழம்பு கறுத்து, கனத்து, புளியும் மிளகாயும் கலந்த வாசனையோடு நின்றது.

நிறம் காகிதத்தில் இறங்கும்போது என்ன ஆகிறது என்று தெரியாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. சயான், மெஜந்தா, மஞ்சள் என்ற மூன்று மையும் காகிதத்தின் வெள்ளையிலிருந்து முறையே சிவப்பு, பச்சை, நீல ஒளியை விழுங்குகின்றன. அதாவது மை ஒளியைக் கழிக்கிறது, கூட்டுவதில்லை. புத்தகக் கணக்குப்படி மூன்றும் சமமாக இருந்தால் சாம்பல் வரவேண்டும். வருவது செம்பழுப்பு. சயான் மை சுத்தமானதல்ல, விழுங்க வேண்டிய சிவப்பை முழுதாக விழுங்குவதில்லை, விட வேண்டிய பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சம் தின்றுவிடும். அதனால் சாம்பலுக்குச் சயான் 50 என்றால் மெஜந்தாவும் மஞ்சளும் 40 அளவில் நிற்க வேண்டும். சயானும் மெஜந்தாவும் நூற்றுக்கு நூறு போட்டால் நீலம் வராது, ஊதா வரும். எம்.எஸ். ப்ளூ வேண்டுமென்றால் மெஜந்தாவை நன்றாக இறக்க வேண்டும். காகிதமும் தன் பங்குக்கு நிறத்தை மாற்றும். 50 சதவீதப் புள்ளி அச்சில் பரவி ஆர்ட் பேப்பரிலேயே 65-ஐத் தாண்டும், நியூஸ்பிரிண்ட்டில் 75-ஐத் தொடும். கறுப்போடு நான்கு மையும் சேர்ந்து ஆர்ட் பேப்பர் 300 சதவீதம் வரை தாங்கும். நியூஸ்பிரிண்ட்டில் 240-ஐத் தாண்டினால் காயாது, பின்பக்கத்தில் ஒட்டும். சேலைப் படம் அட்டையில் ஒரு மாதிரியும் உள்ளே வேறு மாதிரியும் வருவது யாருடைய அலட்சியமும் அல்ல. ஒரே சேலைக்கு இரண்டு பாசிட்டிவ் செட் தயார் செய்யவேண்டும் என்று நிர்வாகத்திடம் வாதாடி வாங்கவே எனக்கு நான்கு வருடம் ஆனது.

வாடாமல்லி நான்கு மைக்குள் அடங்காத நிறம். ரோடமின் மை ஒன்றை ஐந்தாவதாக ஓட்டினால் வரும். திருமண மலருக்கு ஒருமுறை அனுமதி கிடைத்தது. மற்ற நேரங்களில் நிறத்தை ஏற்ற வழியில்லை என்றால் பக்கத்து நிறத்தை இறக்குவேன். வாடாமல்லிச் சேலையைச் சாம்பல் பூத்த இளம்பச்சைச் சுவர் முன்னால் நிறுத்திப் பாருங்கள். மெஜந்தா 95-ல் நின்றாலும் 120 போலத் தெரியும்.

தமிழ் எழுத்துக்காகவும் நிறத்தில் சில விஷயங்களை விட்டுக்கொடுத்தாக வேண்டும். வெளிநாட்டு இதழ்களைப் பார்த்து, ஆழமான நான்கு-மைப் பின்னணியில் சின்ன வெள்ளை எழுத்து போட எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. நான்கு பிளேட்டில் ஒன்று தலைமயிர் அகலம் விலகினால் போதும், ண-வின் சுழி அடைத்துக்கொள்ளும், ஞ மையால் நிரம்பும். அதைவிட மோசம், புள்ளி காணாமல் போகும். நம் எழுத்தில் புள்ளி போனால் அழகு மட்டும் போவதில்லை, மெய்யெழுத்தே போய்விடும். ஒரு சமையல் குறிப்பில் ‘உப்பு’ எல்லாம் ‘உபபு’ ஆகி வந்த பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அதன்பின் வெள்ளை எழுத்து என்றால் ஒரு மை, மிஞ்சினால் இரண்டு மை உள்ள பின்னணியில்தான். எழுத்தும் தடித்ததாக, 12 புள்ளிக்குக் குறையாமல். பக்கம் முடிந்ததும் கறுப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பார்ப்பேன். நிறத்தில் பளிச்சென்று பிரிந்த சிவப்பு எழுத்தும் பச்சைப் பின்னணியும் ஜெராக்ஸில் ஒரே சாம்பலாகக் கலந்திருந்தால், அந்தப் பக்கத்தை ஒரு பாட்டியால் டியூப்லைட் வெளிச்சத்தில் படிக்க முடியாது.

இனி நான் மனம் நொந்து சொல்லவேண்டிய விஷயம். தோல் நிறம்.

நான் வேலைக்கு வந்த காலத்தில் முகம் என்றாலே சயானைக் குறை என்பதுதான் வாய்மொழிச் சட்டம். சயான் குறைந்தால் முகம் வெளுக்கும், ரோஸ் ஏறும். ஸ்கேனிங் ஆபரேட்டர்களும் அதையே செய்தார்கள், விளம்பரதாரர்களும் அதையே கேட்டார்கள், நானும் பல வருடம் அதையே செய்தேன். இது எங்களோடு தொடங்கியதும் அல்ல. போட்டோ லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று உலகமே எடுத்துக்கொண்டது. கருத்த முகங்கள் அந்த அளவுகோலுக்கு வெளியே நின்றன.

ஒருமுறை சமையல் போட்டியில் பரிசு வாங்கிய வாசகியின் படத்தை முழுப் பக்கத்தில் போட்டோம். நல்ல கறுப்பு, களையான முகம். நான் பிரஷ்ஷை எடுத்துச் சயானைக் கரைத்துத் தள்ளினேன். இதழ் வந்து பத்து நாளில் அவரிடமிருந்து ஒரு கடிதம். உள்ளே அவருடைய பாஸ்போர்ட் சைஸ் படம். சேலை என்னுடையது, கம்மல் என்னுடையது, முகம் மட்டும் என்னுடையது இல்லை. ஊரில் யாரும் நம்பவில்லை. முடிந்தால் என் படத்தைச் சரியாகப் போடுங்கள் என்று எழுதியிருந்தார். கோபமாகக்கூட எழுதவில்லை. அந்தக் கடிதத்தை ஆசிரியரிடம் கொண்டுபோனேன். “மேடம், தப்பு என்னுடையது. அடுத்த இதழில் மறுபடி போடணும்” என்றேன். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “பக்கம் நான் தர்றேன், நிறம் நீங்க தாங்க” என்றார்.

அந்த ஒரு படத்துக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். சயான் 35, மெஜந்தா 55, மஞ்சள் 65, கறுப்பு 10 என்ற அக்கம்பக்கத்தில் கன்னத்தை நிறுத்தினேன். மஞ்சள் மெஜந்தாவைவிட முன்னால் நிற்க வேண்டும், சயான் மெஜந்தாவில் பாதிக்கு மேலேயே இருக்க வேண்டும். ஆனாலும் முகம் எழவில்லை. முந்தைய பக்கத்தில் பின்னணி வெள்ளை. வெள்ளைக்கு முன் கருத்த முகத்தை நிறுத்தினால் கண் வெள்ளைக்குப் பழகிவிடும், முகத்துக்குள் இருக்கும் செம்மையும் பொன்னும் தெரியாமல் ஒரே நிழலாகிவிடும். பின்னணியை ஆழ்ந்த பச்சைக்கு மாற்றினேன், இலை நிழலில் இருக்கும் பச்சை. முகத்துக்குள்ளிருந்து செம்மை எழுந்து வந்தது. சங்க இலக்கியத்தில் பெண்ணின் மேனி நிறத்துக்கு ‘மாமை’ என்ற சொல் உண்டு, மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். செம்மையும் கருமையும் பொன்னும் கலந்த அந்தத் தளிர் மரத்தில் பழைய கரும்பச்சை இலைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. பக்கத்து நிறத்தோடு சேர்த்தே அந்தச் சொல்லை உண்டாக்கியிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

அதன்பின் நான் எந்த முகத்தையும் வெளுக்கவில்லை. இரண்டு விளம்பரப் பக்கங்கள் கைவிட்டுப் போயின. போகட்டும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ப்ரூஃப் பார்க்க 5000 கெல்வின் விளக்கு என்பது உலகம் ஏற்றுக்கொண்ட அளவு, அச்சகத்தில் அது வேண்டும். ஆனால் வாசகி படிப்பது சமையலறையில், பஸ்ஸில், பியூட்டி பார்லர் நாற்காலியில். அதனால் முக்கியமான ப்ரூஃப்களை மடித்து எடுத்துக்கொண்டு டீக்கடை பல்பு வெளிச்சத்திலும் ஒருமுறை விரித்துப் பார்ப்பேன். அங்கேயும் நிற்கும் பக்கம்தான் நல்ல பக்கம். இப்போது பாதிப் பேர் இதழை போனில் பார்க்கிறார்கள். திரை ஒளியைத் தானே தருவதால் வாடாமல்லியும் கிளிப்பச்சையும் அதில் தாராளமாக வருகின்றன. ஆனால் ஒவ்வொரு போனும் ஒவ்வொரு வெளிச்சம். எண்களை நம்ப முடியாத அந்த இடத்திலும் நிறங்களுக்கு இடையே உள்ள உறவு பெரும்பாலும் தப்பிக்கிறது.

மயில் கழுத்து நிறத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பாவு நீலம், ஊடை பச்சை. இரண்டும் கலந்து தூரத்தில் ஒரு நிறம், அசைந்தால் வேறு நிறம். அச்சும் அதையேதான் செய்கிறது, சின்னச் சின்னப் புள்ளிகளை அருகருகே வைத்து, கலக்கும் வேலையைக் கண்ணிடம் விடுகிறது. ஆனால் தாளில் பட்ட புள்ளி அசையாது. மூன்று தீபாவளிக்கு அந்தச் சேலையை எடுத்துப் பார்த்தும் மூன்று தடவையும் பாசி பிடித்த நீலமாகவே வந்தது.

1998-இல் சேலையோடு அதை நெய்தவரையும் ஷூட்டுக்கு அழைத்தோம். போட்டோகிராஃபர் சேலையைச் சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டு விரித்து வைத்திருந்தார். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “விரிச்சா செத்துடும் தம்பி. மடிச்சு விடுங்க” என்று தானே போய், சேலையை உள்ளங்கை அகல மடிப்புகளாகத் தூக்கி நிறுத்தினார். ஒரு மடிப்பு ஜன்னலைப் பார்த்தது, அடுத்தது சுவரைப் பார்த்தது. ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று பச்சை. நான் ஓடிப்போய் சாப்பாட்டு அறையிலிருந்து ஒரு பழைய செப்புக் குடத்தைக் கொண்டுவந்து ஓரத்தில் வைத்தேன். செம்பின் சிவந்த ஆரஞ்சு பக்கத்தில் வந்ததும் இரண்டு நிறமும் ஒருசேரக் குளிர்ந்து ஆழமாயின. பெரியவர் குடத்தை ஒரு சாண் தள்ளி வைத்தார். அவர் செய்தது சரி, அத்தனை செம்பு தேவைப்படவில்லை.

அந்தச் சேலையின் அட்டை ஓடிய இரவில் அண்ணாச்சி முதல் தாளை வெளிச்ச மேஜைக்குக் கொண்டுவந்தார். டென்சிட்டோமீட்டரைத் தொடவில்லை. ஓட்டைத் தாளை எடுத்து நீல மடிப்பின் மேல் வைத்துப் பார்த்தார், பச்சை மடிப்பின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு அடி பின்னால் போய், தலையை லேசாகச் சாய்த்துப் படத்தை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார்.

“ஓட்டுடா” என்றார், மெஷின் பக்கம் நின்ற பையனிடம்.